சாளுவன்குப்பத்து முருகனும் கடல் கொண்ட பிள்ளைகளும்

மாமல்லபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே ஐந்தாறு கிலோமீட்டர் போனால் சாளுவன்குப்பம். புலிக்குகையைப் பார்க்க வருகிறவர்கள் இன்னும் கொஞ்சம் நடந்தால் மணலுக்குள் ஒரு பழைய கோயிலின் அடித்தளத்தைப் பார்க்கலாம். கீழே செங்கல், மேலே கருங்கல், முன்னால் கல்லில் செய்த ஒரு வேல். 2004 டிசம்பர் 26ஆம் தேதி வரை அப்படி ஒரு கோயில் அங்கே கிடப்பது சுற்றுவட்டாரத்தில் யாருக்கும் தெரியாது. அன்று வந்த சுனாமி கரை மணலை வாரிக்கொண்டு போனது. மூடிக்கிடந்த பாறையில் எழுத்துகள் வெளிப்பட்டன. எழுத்தைப் படித்தவர்கள் மறு ஆண்டு தோண்டினார்கள். கோயிலே கிடைத்தது.

அன்றிலிருந்து எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு. முருகன் வெளியே வர வேண்டுமென்று நினைத்தான், அதனால் கடல் வந்து திறந்துவிட்டது என்பார்கள். கேட்பவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். சொல்பவர்கள் நல்லவர்கள், உண்மையான பக்தியோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் இந்தப் பேச்சை ஏற்க என்னால் முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று எழுதிவிடுவது என் கடமை என்று நினைக்கிறேன்.

நான் கல் வேலை செய்கிறவன். மாமல்லபுரத்தில் பட்டறை. வேல் பிடித்த முருகனையும் மயில்மேல் அமர்ந்த முருகனையும் எத்தனையோ கோயில்களுக்குச் செய்து அனுப்பியிருக்கிறேன். சிலைக்குக் கண் திறக்கும் நாளில் பட்டினி இருந்துதான் உளியைத் தொடுவேன். ஆகவே இது நம்பிக்கை இல்லாதவன் எழுப்பும் கேள்வியல்ல. முருகனை நம்புகிறவனுக்குத்தான் இந்தக் கேள்வி அதிகமாக வலிக்கும்.

முதலில் அங்கே கிடைத்தது என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். சுனாமிக்குப் பின் வெளிப்பட்ட கல்வெட்டுகளில் ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் காலத்தது ஒன்று. தமிழ்க் கல்வெட்டுகள் கன்னரதேவன் என்று சொல்லும் அதே மன்னன். திருவிழ்ச்சில் என்ற ஊரில் உள்ள சுப்பிரமணியர் கோயிலைப் பற்றி அந்த எழுத்து பேசியது. திருவிழ்ச்சில் என்பது இன்றைய சாளுவன்குப்பம். ஆனால் அந்த ஊரில் அப்படி ஒரு முருகன் கோயில் கண்ணுக்குத் தெரியவில்லை. எழுத்து பொய் சொல்லாது என்று நம்பி, மத்திய தொல்லியல் துறையின் சென்னை வட்டத்தினர் சத்தியமூர்த்தி தலைமையில் 2005இல் பக்கத்து மேட்டைத் தோண்டினார்கள். முதலில் பல்லவர் காலத்துக் கருங்கல் கட்டடம் வந்தது. அதன் கீழே அதைவிடப் பழைய செங்கல் கோயில். செங்கற்களின் அளவைப் பார்த்து அது சங்ககாலத்தது என்று அகழ்ந்தவர்கள் முடிவுக்கு வந்தார்கள். வடக்குப் பார்த்த கோயில். குரவைக் கூத்தைக் காட்டும் சுடுமண் பலகை ஒன்றும் அங்கே கிடைத்தது. பல்லவர் காலத் தூண்களில் இருந்த எழுத்துகள், அந்தக் கோயிலுக்கு யார் யார் பொன் கொடுத்தார்கள் என்று சொல்லின. அவர்களில் ஒருவர் வசந்தனார் என்ற பிராமணப் பெண். விளக்கெரிக்கப் பொன் கொடுத்தவர்.

எங்கள் தொழில்காரன் கண்ணுக்கு அந்த இடத்தில் முதலில் படுவது அடித்தளம்தான். பாறை நிறைந்த ஊர் இது. ஒரே கல்லில் ரதம் குடைந்த ஊர். அங்கே மணல்மேல் செங்கல் அடுக்கி, சுண்ணாம்பு பூசி ஒரு கோயில் எழுப்பியிருக்கிறார்கள். மணல் நகராதபடி கட்டிப்போட்டால் அது பாறையைப்போல் பாரம் தாங்கும் என்பது எங்களுக்குத் தெரிந்த கணக்கு. அது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. பிறகு வந்த பல்லவர்கள் அந்தச் செங்கல் கருவறையைப் பிடுங்கி எறியவில்லை. அதையே அடித்தளமாக வைத்து மேலே கல்லில் கட்டினார்கள். பழையதன் தலைமேல் புதியதை ஏற்றுவது சாதாரண வேலையல்ல. கீழே உள்ளது எவ்வளவு தாங்கும் என்று தட்டிப் பார்த்து, சந்தேகம் இருந்தால் இறக்கி, மறுபடி சமம் பார்த்து ஏற்ற வேண்டும். கீழே இருந்ததை மதித்தவர்கள்தான் அந்தச் சிரமத்தை எடுப்பார்கள்.

இனி, அதே இடத்தில் அகழ்ந்தவர்கள் சொன்ன இன்னொரு செய்தி. மண்ணடுக்குகளில் கடல் கொண்டுவந்து போட்ட மணலும் சிப்பிகளும் இருந்தன. செங்கல் கோயிலையும் கடல்தான் அழித்திருக்க வேண்டும், பிறகு பல்லவர் கட்டியதையும் கடல்தான் அழித்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து. இரண்டு முறை அழித்தது கடல். மூன்றாம் முறை திறந்துவிட்டதும் கடல். திறந்ததை அருள் என்று சொன்னால், அழித்த இரண்டு முறையையும் என்னவென்று சொல்வது? அருள் என்று வாய் திறந்தவர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் அம்மா ஒருத்தர் இருக்கிறார். குப்பத்துக்காரர். அவருடைய அக்காவை நாகப்பட்டினம் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவின் இரண்டு பிள்ளைகளும் கரையில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான். கோயில் கிடைத்த செய்தி ஊரெல்லாம் பரவிய சமயத்தில், திண்ணையில் உட்கார்ந்து யாரோ முருகன் மகிமையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கூடையை இறக்கிவைத்துவிட்டு நின்று கேட்டவர் என் பக்கம் திரும்பி, “ஏண்ணே, அவரு வெளிய வரணும்னா எங்க அக்கா புள்ளைங்கள எதுக்குண்ணே எடுத்துக்கணும்?” என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டார். திண்ணையில் யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. அந்தக் கேள்விக்கு முன்னால் பேசாமல் இருந்ததே சரி என்று இன்றும் நினைக்கிறேன்.

தமிழ்நாட்டில் மட்டும் அன்று ஏறக்குறைய எட்டாயிரம் பேர் இறந்தார்கள். அதில் பெரும்பகுதி நாகப்பட்டினம் மாவட்டம். சுமத்ரா முதல் ஆப்பிரிக்கக் கரை வரை கணக்கெடுத்தால் இரண்டு லட்சத்துக்கு மேல். நம் நேரப்படி காலை 6.28க்கு சுமத்ரா அருகே கடலடியில் நிலம் பிளந்து நகர்ந்தது. அந்த நகர்வு தள்ளிய நீர் இரண்டு இரண்டரை மணி நேரத்தில் நம் கரையைத் தொட்டது. எட்டாயிரம் உயிரை வாங்கிக்கொண்டு ஒரு கோயிலைத் திறந்து காட்டும் தெய்வத்தை என் உளியால் எப்படிச் செதுக்குவேன்? அப்படிப்பட்ட முகத்துக்கு என்ன பாவம் வைப்பது? சிலை வடிக்க நாங்கள் பின்பற்றும் தியான சுலோகத்தில் வரும் முருகன் அபயம் காட்டுகிற முருகன்.

சைவம் படித்த நண்பர்கள் ஐந்தொழிலை எடுத்துச் சொல்வார்கள். படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். மணல் மூடியது மறைத்தல், கடல் திறந்தது அருளல், இதில் என்ன குழப்பம் என்பார்கள். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் மெய்கண்டார் வழியில் வந்த நூல்களை உட்கார்ந்து பாடம் கேட்டவர்களுக்குத் தெரியும், மறைத்தல் என்று அங்கே சொல்வது உயிரைப் பற்றியது. ஆணவம் பற்றிய உயிருக்கு இறைவன் தன்னைக் காட்டாமல் நின்று, அது தன் வினையை அனுபவித்துப் பக்குவம் அடையும்வரை காத்திருக்கிறான். அதனால் மறைத்தலும் கருணைதான் என்று சித்தாந்தம் சொல்கிறது. ஒரு தாய் மறைந்து நின்று பிள்ளை நடை பழகுவதைப் பார்ப்பதுபோல. அதைக் கொண்டுவந்து கல்லுக்கும் மணலுக்கும் பொருத்தினால், நடுவே மடிந்த உயிர்கள் வெறும் கருவியாகிவிடுகின்றன. உயிருக்காகச் சொன்ன கொள்கையை உயிருக்கு எதிராகத் திருப்புவது அது.

வினை என்று சொல்லிக் கடக்கிறவர்களும் உண்டு. அவரவர் வினை அவரவரைக் கொண்டுபோனது என்பார்கள். ஊழை நானும் மறுக்கவில்லை. என் வாழ்க்கையில் நடந்தவற்றை என் வினை என்று ஏற்றுக்கொண்டுதான் நடக்கிறேன், அதில் ஓர் அமைதியும் கிடைக்கிறது. ஆனால் அது நான் என்னைப் பார்த்துச் சொல்லிக்கொள்ளும் சொல். மீன்கூடையோடு நிற்கும் ஒருத்தியைப் பார்த்து, உன் அக்கா பிள்ளைகளின் வினை என்று சொல்ல எனக்கு எந்த நூலும் உரிமை தரவில்லை. தன்னைப் பற்றிச் சொன்னால் பணிவாகவும் பிறரைப் பற்றிச் சொன்னால் கொடுமையாகவும் மாறிவிடும் சொற்களில் வினையும் ஒன்று.

கடலுக்கு இப்படிக் காரணம் கற்பிப்பது நமக்குப் புதிதல்ல. மணிமேகலையில் வரும் கதை பலருக்கும் நினைவிருக்கும். சோழ மன்னனுக்கும் நாகநாட்டு இளவரசி பீலிவளைக்கும் பிறந்த குழந்தையைக் கம்பளச்செட்டி என்ற வணிகன் கப்பலில் ஏற்றிக்கொண்டு வருகிறான். இரவில் கப்பல் உடைகிறது. குழந்தையைக் காணவில்லை. தகப்பன் தேடி அலைகிறான். அந்தத் துயரத்தில் இந்திர விழா எடுக்க மறக்கிறான். விழா நின்றதால் புகார் நகரைக் கடல் கொள்கிறது. சிறு வயதில் இதைக் கேட்டபோது விழாவை மறந்தது தப்புதானே என்று தோன்றியது. இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. கடலில் பிள்ளையைத் தொலைத்தவன் எந்த விழாவை நினைப்பான்? அந்தக் காப்பியத்தில் நகரைக் கடல் கொள்ளச் சபித்த மணிமேகலா தெய்வம், கப்பல் உடைந்து தத்தளித்தவனைக் கரை சேர்த்த தெய்வமும்கூட. கரை சேர்த்த முகத்தைத்தான் நான் கும்பிடுவேன்.

நிலம் நடுங்கியபோதும் இப்படிக் காரணம் சொன்னதுண்டு. 1934 ஜனவரி 15இல் பீகாரில் பெரும் நிலநடுக்கம். ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அப்போது தமிழ்நாட்டில் ஹரிஜன யாத்திரையில் இருந்த காந்தி, தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை இது என்று பேசினார். தாகூர் அதை ஏற்கவில்லை. இயற்கையின் நிகழ்வை ஒழுக்கத்தோடு முடிச்சுப் போடுவது தகாது என்று எழுதி அனுப்பினார். காந்தி அந்த மறுப்பைத் தன் ஹரிஜன் இதழிலேயே வெளியிட்டார், தன் கருத்தையும் விடவில்லை. தீண்டாமையை ஒழிக்க உடம்பை வருத்திய மனிதர் அவர், நோக்கம் எவ்வளவோ உயர்ந்தது. இருந்தும் இந்த ஒன்றில் தாகூர் பக்கம்தான் நியாயம். இடிபாட்டில் சிக்கிச் செத்தவர்களில் தீண்டாமைக்கு ஆளானவர்களும் இருந்திருப்பார்களே, அவர்களுக்கு எதற்குத் தண்டனை?

கடல் யாருக்கும் எதையும் காட்ட வருவதில்லை என்பதற்கு எங்கள் ஊரே சாட்சி. சுனாமி அன்று நீர் உள்வாங்கியபோது கடற்கரைக் கோயிலுக்கு அப்பால் வரிசையாகக் கற்கள் தெரிந்ததைப் பார்த்தவர்கள் உண்டு. அலை போனபின் கரையில் சிங்கம், யானை செதுக்கிய பாறைகள் வெளிப்பட்டன. முடிவடையாத வேலைகள். உளி முனை விழுந்த தடம் அப்படியே இருந்தது. காற்றும் உப்பும் படாமல் மணல் அதைக் காப்பாற்றி வைத்திருந்தது. திறந்த வெளியில் நிற்கும் கடற்கரைக் கோயிலின் சிற்பங்களோ உப்புக்காற்றில் முகம் தேய்ந்துவிட்டன. கல்லுக்குள் ஏறிய உப்பை இறக்கக் காகிதக் கூழை அப்பி எடுக்கிறார்கள். வெளிப்பட்டவற்றில் பலவற்றைக் கொஞ்ச காலத்திலேயே மணல் திரும்ப மூடிவிட்டது. காட்டுவதற்காகத் திறந்திருந்தால் ஏன் மூட வேண்டும்? தெற்கே தரங்கம்பாடியில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் 1306இல் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலைக் கடல் தலைமுறை தலைமுறையாகத் தின்றுகொண்டிருக்கிறது. அங்கே இருப்பதும் சிவன்தான்.

அப்படியானால் சாளுவன்குப்பத்தில் அருளே இல்லையா என்று கேட்டால், இருக்கிறது என்றுதான் சொல்வேன். அலையில் அதைத் தேடக் கூடாது.

செங்கல் கோயில் கடலில் போன பிறகு எத்தனையோ நூற்றாண்டு கழித்து, அதே இடத்தில், அதே மணலில், அதே கடலுக்குப் பக்கத்தில் மறுபடி கட்டினார்களே, அதை யோசித்துப் பார்க்கிறேன். உள்ளே தள்ளிக் கட்ட இடமா இல்லை? சற்றுத் தூரத்தில் அதிரணசண்ட மண்டபத்தைக் குடைந்த பாறையே இருக்கிறது. பாறையில் குடைந்தால் கடல் அசைக்காது. ஆனாலும் பழைய செங்கலின் மேலேயே கல்லை ஏற்றினார்கள். கடல் கொண்டுபோன இடம், முருகன் கைவிட்ட இடம் என்று அவர்கள் நினைக்கவில்லை. கார்த்திகை விழாவுக்குப் பொன் கொடுத்தார்கள். விளக்குக்குப் பொன் கொடுத்தார்கள். கடல் மறுபடி வரலாம் என்று தெரியாதவர்களா கடற்கரையில் வாழ்கிறவர்கள்? தெரிந்தே கொடுத்தார்கள். வசந்தனார் கொடுத்த பொன்னில் எரிந்த விளக்கு எந்த நாளில் அணைந்ததோ. அணையும் என்று தெரிந்தும் ஏற்றிய கையில் அருள் இருந்தது என்பது என் நம்பிக்கை.

இன்னொரு கை, கல்வெட்டைப் படித்தவர்களுடையது. அலை மணலை நீக்கியது, அவ்வளவே. பாறையில் இருந்த எழுத்தை அடையாளம் கண்டு, ஊர்ப்பெயரைப் பிரித்து, இல்லாத கோயிலைத் தேடிப் போனவர்கள் மனிதர்கள். அந்தப் படிப்பு இல்லையென்றால் மணல் திரும்ப மூடியிருக்கும், கோயில் இன்றும் மேடாகவே கிடந்திருக்கும். கல்லை உடைத்து எடுத்துப்போகிறவன் கண்ணில் அந்த எழுத்து பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. எழுத்துள்ள பாறைகள் ஜல்லியாகப் போன கதையை எங்கள் தொழிலில் இருப்பவர்கள் நிறையக் கேட்டிருக்கிறோம்.

வெகு தூரத்தில் நடந்த ஒன்றும் இங்கே நினைவுக்கு வருகிறது. நியூசிலாந்தின் வடக்குத் தீவில், வாங்கரே பக்கத்தில், 1836 வாக்கில் வில்லியம் கொலன்சோ என்ற கிறிஸ்தவ மிஷனரி, மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைக்கும் ஒரு வெண்கலப் பாத்திரத்தைப் பார்த்தார். அது உடைந்த மணியின் மேல்பகுதி. 13 சென்டிமீட்டர் உயரம். சுற்றிலும் தமிழ் எழுத்து. முகையதீன் வக்குசு என்பவருடைய கப்பலின் மணி என்று அதில் பொறித்திருக்கிறது. புயலில் ஒரு பெரிய மரம் சாய்ந்தபோது அதன் வேருக்கடியில் கிடைத்ததாக அவர்கள் சொன்னார்கள். இன்று வெலிங்டனில் தெ பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் கடற்கரை மரைக்காயர் ஒருவரின் கப்பலாக இருக்கலாம் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். நான் அந்த மணியின் படத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். புள்ளி வைக்காத எழுத்துகள், பழகிய கை. அந்தக் கப்பலில் இருந்தவர்களுக்கும் பிள்ளைகள் இருந்திருப்பார்கள். புயல் அதைக் காட்டியதற்கு மாவோரிகள் எந்தக் காரணமும் கற்பிக்கவில்லை. கிடைத்ததைச் சமையலுக்குப் பயன்படுத்தி, தலைமுறைகளாகத் தூக்கி எறியாமல் வைத்திருந்தார்கள். கிடைத்த பொருளிடம் நடந்துகொள்ள அதைவிட நேர்மையான வழி ஏதும் எனக்குத் தோன்றவில்லை.

நம் நாட்டில் உழும்போதும் அஸ்திவாரம் தோண்டும்போதும் செப்புத் திருமேனிகள் கிடைக்கின்றன. அவற்றின் கதை வேறு. படை வந்த காலத்தில் குருக்கள்மார் குழி வெட்டி, மணல் பரப்பி, வரிசையாகப் படுக்கவைத்து மூடியவை அவை. திரும்பி எடுப்போம் என்று நம்பி மூடினார்கள். திருவெண்காட்டு ரிஷபவாகனரும் அப்படி மண்ணுக்குள் கிடந்து 1950களின் தொடக்கத்தில் வெளியே வந்தவர்தான். இப்போது தஞ்சைக் கலைக்கூடத்தில் நிற்கிறார். இப்படி ஒரு சிலை கிடைத்த மறு நிமிடம் ஊர் கூடிக் கற்பூரம் காட்டுகிறது, பிறகு தாசில்தார் வந்து எடுத்துக்கொண்டு போகிறார், ஊர் அழுகிறது. அந்த அழுகையை நான் மதிக்கிறேன். ஆனால் கோயிலில் வைத்த சிலைகள் திருட்டுப்போய் வெளிநாட்டில் விற்பனைக்கு நின்றதையும் பார்த்துவிட்டோம். காவல் இல்லாத இடத்தில் பக்தி மட்டும் போதாது.

ஆகவே நான் கேட்பது இரண்டு. அடுத்த புயலுக்குப் பின் கரையில் எழுத்துள்ள கல்லோ, செதுக்கிய பாறையோ, செம்போ பொன்னோ கண்ணில் பட்டால் தோண்டாதீர்கள், கழுவாதீர்கள், தூக்காதீர்கள். 2020இல் நிவர் புயலுக்குப் பின் ஆந்திரத்தின் உப்பாடா கரையில் தங்கத் துணுக்கு தேடி ஊரே மணலை அளைந்ததுபோல் செய்துவிடாதீர்கள். இருந்த இடத்திலேயே விட்டு, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ சொல்லுங்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் மண்ணில் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். ஒரு பொருள் எந்த அடுக்கில், எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது என்பதில்தான் பாதிச் செய்தி இருக்கிறது. நகர்த்திவிட்டால் அது போய்விடும்.

இன்னொன்று, சாளுவன்குப்பத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப்போகிறவர்களுக்கு. கல்வேலைக் காட்டுங்கள், செங்கலைக் காட்டுங்கள், கும்பிடச் சொல்லுங்கள். எப்படிக் கிடைத்தது என்று அவர்கள் கேட்டால், முருகன் கடலை அனுப்பினான் என்று சொல்லாதீர்கள். 2004இல் சுனாமி வந்தது, தமிழ்நாட்டில் எட்டாயிரம் பேர் இறந்தார்கள், மணல் விலகிய பாறையில் இருந்த எழுத்தைச் சிலர் படித்தார்கள் என்று சொல்லுங்கள்.